குடிவைத்தவர் பார்க்க வேண்டியது

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். இந்தச் சாலையின் இரண்டு முனைகளிலும் வீடுகளை வாடகைக்கு விட்டிருக்கிறேன். ஒரே கொத்தனார் கட்டினாலும், ஒரே சிமென்ட் போட்டாலும், இரண்டு முனைகளிலும் வீடு கெட்டுப்போகிற விதம் வேறு. செங்கல்பட்டில் மேலிருந்து இறங்கும் தண்ணீர் கெடுக்கிறது. மாமல்லபுரத்தில் பக்கவாட்டில் வீசும் காற்று கெடுக்கிறது.

“ஒரு மேனேஜரைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாமே” என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். வாடகை வசூலிக்கவும், வீடு காலியானால் ஆள் பிடிக்கவும், பிளம்பரை அனுப்பவும் இப்போது நிறுவனங்களே இருக்கின்றன. 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டமும் உரிமையாளர் சார்பில் ஒரு மேலாளர் இருப்பதற்கு இடம் தருகிறது. இருந்தும் நான் வைத்துக்கொள்ளவில்லை. வீடு காலியாகி புது ஆள் வந்தால் இடையில் நிற்பவருக்குக் கமிஷன். இருக்கிறவர் இருந்துகொண்டே இருந்தால்தான் எனக்கு லாபம். இந்த இரண்டு கணக்கும் ஒன்றோடொன்று ஒட்டாது.

இத்தனை காலத்தில் நான் தெரிந்துகொண்டது ஒன்றுதான். குடிவைத்தவர் காவல் காக்க வேண்டியது வீட்டை, குடியிருப்பவரை அல்ல. நம் ஊரில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. இரவு பத்து மணிக்கு யார் வந்தார், சமையலில் என்ன வாசனை வருகிறது, விருந்தாளி எத்தனை நாள் தங்கினார் என்றெல்லாம் ஓனர் கவனிப்பார். மொட்டை மாடியில் மழைநீர்க் குழாயின் வாயில் அரச இலை அடைத்துக்கொண்டிருப்பது மட்டும் அவர் கண்ணில் படாது.

கடற்கரை வீட்டிலிருந்து தொடங்குகிறேன். அங்கேதான் கவனத்துக்கு வேலை அதிகம். உப்புக் காற்று முதலில் தொடுவது சின்னச் சாமான்களை: கீல், தாழ்ப்பாள், ஜன்னல் கொக்கி, கொடிக்கம்பி, ஸ்விட்ச் பெட்டிக்குள் இருக்கும் திருகு. இவற்றை இரும்பில் வாங்கினால் ஒன்றிரண்டு மழைக்காலத்தில் மாற்ற வேண்டிவரும். பித்தளையில் வாங்கினால் பச்சை பூத்தாலும் வேலை செய்யும். எவர்சில்வர் என்று கடைக்காரர் நீட்டுவதிலும் ரகம் உண்டு. 304 என்ற ரகத்தில் கடல் காற்று பட்டால் தேநீர்க் கறை மாதிரி படியும். மாலிப்டினம் கலந்த 316 ரகம் தாங்கும், விலை கூடுதல். ஜன்னலுக்கு யூபிவிசி போட்டுவிட்டால் துருவைப் பற்றிய கவலை குறையும். ஏசியின் அவுட்டோர் யூனிட்டைக் கடலைப் பார்த்த சுவரில் மாட்டக் கூடாது. மாட்டியாக வேண்டுமென்றால் அடிக்கடி நல்ல தண்ணீரால் கழுவிவிட வேண்டும்.

பெரிய ஆபத்து கான்கிரீட்டுக்குள் இருக்கிறது. கம்பியின் மேல் எத்தனை கனத்துக்கு கான்கிரீட் ‘கவர்’ இருக்க வேண்டும் என்பதற்கு ஐஎஸ் 456:2000 என்ற இந்தியத் தரநிலை கணக்குச் சொல்கிறது. சாதாரணச் சூழலில் 20 மில்லிமீட்டர் போதும். கடலோரச் சூழலில் 45 வேண்டும். பழைய வீடுகள் பலவற்றில் கடலோரத்திலும் உள்நாட்டுக் கணக்கில்தான் கவர் விட்டிருப்பார்கள். உப்பு உள்ளே இறங்கிக் கம்பியைத் தொட்டதும் துருப் பிடிக்கிறது. துரு, இரும்பு இருந்ததைவிட அதிக இடம் கேட்கும். இடம் இல்லாததால் கான்கிரீட்டை உள்ளிருந்து தள்ளிப் பிளக்கிறது. முதலில் கம்பி ஓடும் நேர்கோட்டிலேயே மயிரிழை விரிசல் விழும், பிறகு பழுப்புக் கறை தெரியும், அதன் பிறகு சில்லு சில்லாகக் கொட்டும்.

கொட்டிய பிறகு கூப்பிட்டால் வேலை பெரிது. விரிசலிலேயே பிடித்துவிட்டால் ஒரு கொத்தனாரோடு முடியும். இதற்காக நான் ஒரு மூங்கில் கழியால் சன்ஷேடையும் பால்கனியின் அடிப்பக்கத்தையும் தட்டிப் பார்ப்பேன். மாமல்லபுரத்துச் சிற்பி செதுக்குவதற்கு முன் கல்லைத் தட்டி ஓசை கேட்பதுபோலத்தான். கெட்டியாக ஒலித்தால் சரி. பொள்ளலாக ஒலித்தால் அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டுக் கொத்தனாரிடம் காட்டுவேன். தளர்ந்ததை முழுக்கக் கொத்தி எடுத்து, கம்பியை ஒயர் பிரஷ்ஷால் தேய்த்து, துரு தடுக்கும் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த கலவையால் மூட வேண்டும். மேலோடு சிமென்ட் பூசி வெள்ளையடித்தால் துரு உள்ளேயே வளரும். அடுத்த வருடம் இன்னும் பெரிய துண்டாக விழும், யார் தலையிலாவது.

மாமல்லபுரத்தில் இன்னொரு விஷயம் உண்டு, வெளியூர்க்காரர் வீடு வாங்கும்போது கவனிக்காதது. தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கிக் கட்டலாம். 2010இல் திருத்தப்பட்ட சட்டம் இது. 100 மீட்டருக்குள் பழைய வீட்டைப் பழுதுபார்க்கவும் அனுமதி வேண்டும். மழைக்கு முன் முடிக்க நினைக்கும் வேலைக்குப் பல மாதம் முன்பே விண்ணப்பம் போட வேண்டியிருக்கும்.

செங்கல்பட்டு முனையில் கதை வேறு. இங்கே வீட்டின் உயிர் மொட்டை மாடியில் இருக்கிறது. சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டுத் தட்டோடு பதித்த பழைய மாடி, சரியாகப் பார்த்துக்கொண்டால், இன்றைய வாட்டர்புரூஃபிங் டப்பாக்களுக்குச் சவால் விடும். கெடுவது தட்டோடு அல்ல, இரண்டு தட்டோட்டுக்கு நடுவில் இருக்கும் இணைப்பும், கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலையும்தான். சித்திரை வெயிலில் இந்த இணைப்புகள் வாய் பிளக்கும். பிளந்ததைக் கோடையிலேயே நிரப்பிவிட்டால் ஐப்பசியில் யாரும் போன் செய்ய மாட்டார்கள்.

அடுத்தது தண்ணீர் வரும் பாதை. போர் தண்ணீரில் உப்பு அதிகம். ஹீட்டர் காயிலில் படியும், ஷவரின் கண்களை அடைக்கும். எல்லா வீட்டுக்கும் ஒரே கம்பெனி, ஒரே மாடல் குழாய்களைப் போட்டு வைத்திருக்கிறேன். ஒரு பையில் உதிரிபாகம் இருந்தால் எந்த வீட்டுக்கும் பொருந்தும். பூட்டும் அப்படித்தான், பெயின்ட்டும் அப்படித்தான். ஷேடு எண்ணை நோட்டில் எழுதி வைத்திருப்பதால், ஒரு சுவரில் ஆணி அடித்த ஓட்டையை மூடியதற்காக முழு அறைக்கும் பெயின்ட் அடிக்க நேர்வதில்லை. சுவருக்குள் குழாயும் ஒயரும் பதிக்கும்போது பூசுவதற்கு முன்னால் அளவு டேப்பைப் பிடித்துப் போட்டோ எடுத்துவிடுவேன். பிற்பாடு எங்கே கொத்துவது என்று பிளம்பர் ஜோசியம் பார்க்க வேண்டாம்.

இதையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது, நாள்காட்டிதான் வைத்துக்கொள்ளும். சித்திரையில் மாடி. ஆடியில் யாரும் குடிபோக மாட்டார்கள். ஆனிக் கடைசியில் காலியான வீடு ஒரு மாதம் சும்மாதான் கிடக்கும் என்பதால், பெயின்ட், கார்பென்டர் வேலைகளுக்கு ஆடியே தோது. ஆவணி, புரட்டாசியில் மழைநீர் வடியும் குழாய்கள், சன்ஷேட், வாசல் வடிகால், மழைநீர் சேகரிப்புத் தொட்டியின் வண்டல். தமிழ்நாட்டில் 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய பிறகு பல வீடுகளில் தொட்டி இருக்கிறது. வருடம் ஒருமுறை மணலை மாற்றாத தொட்டி தண்ணீரை உள்ளே விடாது. ஏப்ரலிலும் அக்டோபரிலும் சொத்து வரி. அரையாண்டு தொடங்கிய 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. ஐப்பசி பிறந்தபின் பழுதுபார்ப்பு இல்லை, பார்த்துக்கொண்டிருப்பது மட்டும்தான். 2022 டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது. அந்த மாதிரி புயல் எச்சரிக்கை வரும்போது கடற்கரை வீட்டில் இருப்பவருக்கு நான் சொல்வது நாலே விஷயம்: டேங்க்கை நிரப்பி வையுங்கள், மாடியில் இருக்கும் பூந்தொட்டிகளைக் கீழே இறக்குங்கள், மெயினை அணைக்கத் தெரிந்துகொள்ளுங்கள், செல்போனைச் சார்ஜ் போடுங்கள்.

வேலை செய்கிறவர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தத் தொழிலைப் பற்றிப் பேச முடியாது. கொத்தனார், பிளம்பர், எலக்ட்ரீசியன், பெயின்டர் ஆகிய நாலு பேர் கையில் இருந்தால் மேனேஜர் தேவையில்லை. அவர்களைத் தக்கவைத்துக்கொள்ள ஒரே வழி, வேலை முடிந்த அன்றே பேரம் பேசாமல் கூலியைக் கொடுத்துவிடுவது. ஞாயிற்றுக்கிழமை மோட்டார் நின்றுபோனால் பத்துப் பேர் எலக்ட்ரீசியனுக்குப் போன் போடுவார்கள். யாருடைய போனை எடுப்பது என்று அவர் முடிவு செய்வது போன தடவை யார் எப்படிக் காசு கொடுத்தார் என்பதை வைத்துத்தான்.

ஒரு வேலையை மட்டும் எந்தச் சிக்கனத்துக்காகவும் தெரிந்த ஆளை விட்டுச் செய்யச் சொல்லக் கூடாது. அது செப்டிக் டேங்க். உள்ளே ஆளை இறக்கினால் விஷவாயுவில் உயிர் போகும். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கச் சொல்வது குற்றம். முதல் தடவைக்கே இரண்டு ஆண்டு வரை சிறையோ, 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். உரிமம் உள்ள லாரியைக் கூப்பிட 14420 என்ற எண் இருக்கிறது. குடியிருப்பவர் தானாக யாரையாவது கூப்பிட்டுவிடாமல் இருக்க, இந்த எண்ணை ஈபி பெட்டியின் கதவிலேயே ஒட்டி வைத்திருக்கிறேன்.

இனி ஆட்கள். இந்த வட்டாரத்தில் குடிவருகிறவர்கள் பல ரகம். 1965இல் தொடங்கிய செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரிக்கு வரும் டாக்டர்கள், மகேந்திரா வேர்ல்ட் சிட்டியின் கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்குப் போகிறவர்கள், மறைமலை நகர் தொழிற்சாலைகளின் ஷிப்ட் ஆட்கள், கல்பாக்கத்துக்கு ஒப்பந்த வேலைக்கு வருகிறவர்கள், மாமல்லபுரத்தில் சிற்பக் கூடத்துக்காரர்கள். டாக்டருக்கு இரவு எந்த நேரமும் கேட் திறக்க வேண்டும். ஷிப்ட் ஆளுக்குப் பகலில் தூங்க வெளிச்சம் வராத அறை வேண்டும். சிற்பிக்குக் கல் தூசி பறக்க இடம் வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் முகம் சுளிக்கக் கூடாது. மாமல்லபுரத்தில் ஒத்தவாடைத் தெரு பக்கம் வெளிநாட்டவருக்கு அறை கொடுத்தால், அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் அவருடைய விவரத்தை இணையத்தில் பதிய வேண்டும். யாருக்கு எந்த வீடு பொருந்தும் என்று யோசிப்பதே ஆள் தேர்வு. எத்தனை பேர், என்ன வேலை நேரம், எத்தனை காலம் இருக்க நினைக்கிறீர்கள், வண்டி எத்தனை என்பதைத்தான் கேட்பேன். என்ன ஆளுங்க, கவுச்சி சாப்பிடுவீங்களா, கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்பதில்லை. கேட்டு ஆள் வைத்தவர்கள் வீட்டிலும் வாடகை பாக்கி விழுந்திருக்கிறது, குழாய் உடைந்திருக்கிறது.

பேச்சோடு விடாமல் எழுத்தில் போடுவது இப்போது சட்டத்தின் தேவை. 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு வந்த, முன்னால் சொன்ன 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். பதிவு எண் கிடைக்கும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி பேசிக்கொள்ளாத வரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. சென்னைப் பக்கம் பத்து மாத அட்வான்ஸ் வாங்கிப் பழகியவர்களுக்கு இது கசக்கும். எனக்கு மூன்று மாதமே சௌகரியம், காலி செய்கிற அன்றே எடுத்துக்கொடுக்க முடியும். திருப்பித்தர ஒரு மாதம் வரை அவகாசம் இருந்தாலும், அந்தப் பணத்தை நம்பித்தான் அவர் அடுத்த வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போகிறார்.

அந்தச் சட்டத்தின் இணைப்பில் யார் எதைப் பழுதுபார்ப்பது என்று ஒரு பட்டியல் இருக்கிறது. பாதிச் சண்டையைத் தீர்க்கும் பட்டியல் அது. கட்டட அமைப்பு, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது, உள்வெளி ஒயரிங் ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், ஸ்விட்ச், சாக்கெட், ஹீட்டர், ஜன்னல் கண்ணாடி, பூட்டு ஆகியவை குடியிருப்பவர் பொறுப்பு. காலி செய்யும்போது பெயின்டிங் என்று சொல்லி ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது ஊர் வழக்கம். ஒப்பந்தத்தில் எழுதாமல் அப்படிப் பிடிப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. வீட்டுக்குள் போய்ப் பார்க்கவும் 24 மணி நேரம் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும். நான் வாட்ஸ்அப்பில் அனுப்பி, “சரிக்கா, வாங்க” என்று பதில் வந்த பிறகுதான் கிளம்புவேன். சாவி ஒன்று என்னிடம் இருந்தாலும் வெளியே நின்று கூப்பிடுவேன். வாடகை பாக்கி என்றாலும், சண்டை என்றாலும், தண்ணீரையும் கரண்ட்டையும் நிறுத்தக் கூடாது. சட்டம் தடுக்கிறது, தடுக்காவிட்டாலும் செய்யத் தகாத காரியம்.

கரண்ட் விஷயத்தில்தான் ஓனர்களின் பெயர் கெடுகிறது. தமிழ்நாட்டில் 2016 முதல் வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். மூன்று போர்ஷனை ஒரே சர்வீஸில் ஓட்டி சப் மீட்டர் வைத்தால் அந்தச் சலுகை மூவருக்கும் போய்ச்சேராது. மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டியதும் கீழ்ப்படி விலையின் சலுகையும் போய்விடும். அதற்குமேல் யூனிட்டுக்கு இவ்வளவு என்று தட்டையாக ஒரு விலை வைத்து வசூலித்தால், இலவசம் யார் பையில் விழுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி சர்வீஸ் வாங்கிவிடுவது முதலில் செலவு, பிறகு நிம்மதி. பில்லை அவரே ஆன்லைனில் கட்டிக்கொள்வார், நடுவில் நான் எதற்கு?

சின்னப் பழுதைச் சொல்வதற்கு குடியிருப்பவர் தயங்கக் கூடாது. ‘சொன்னால் வாடகையை ஏற்றிவிடுவார்’, ‘நம்மேல் பழி போடுவார்’ என்று நினைத்துப் பலர் வாய் திறக்க மாட்டார்கள். ஒருமுறை கடற்கரை வீட்டில் குடியிருந்த பெண் போன் செய்து, “அக்கா, பெரிசா ஒண்ணுமில்ல, பாத்ரூம் வெளிச்சுவர்ல ஈரம் மாதிரி இருக்கு, அப்புறமா பாத்தாப் போதும்” என்றார். அன்றே பிளம்பரை அனுப்பினேன், கைவிரல் கனக் குழாயில் ஒரு இணைப்பு கசிந்துகொண்டிருந்தது. மழைக்காலம் முழுக்க விட்டிருந்தால் அந்தச் சுவரின் கம்பியை மறந்துவிட வேண்டியதுதான். பழுதைச் சொன்னவருக்கு நன்றி சொல்லுங்கள். அவர்தான் உங்கள் மேனேஜர், சம்பளம் வாங்காதவர்.

பணத்தைப் பற்றி இரண்டு கணக்கு. 12,000 ரூபாய் வாடகை வீடு என்று வைத்துக்கொள்வோம். மாதம் 500 ஏற்றினால் வருடத்துக்கு 6,000. அந்த ஏற்றத்தால் ஆள் காலி செய்து வீடு ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் 12,000 போய்விடும். பெயின்ட்டும் புரோக்கருக்கு ஒரு மாத வாடகையும் தனி. ஏற்றிய 500 இதை ஈடுகட்ட நாலு வருடத்துக்கு மேல் ஆகும். நல்லவிதமாக இருப்பவரைச் சந்தை விலைக்குக் கொஞ்சம் கீழே வைத்திருப்பது தர்மம் அல்ல, கணக்கு.

இரண்டாவது கணக்கை வருமான வரித் துறையே சொல்லிக்கொடுக்கிறது. வாடகையிலிருந்து கட்டிய சொத்து வரியைக் கழித்தது போக, மீதியில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்கென்று கழித்துக்கொள்ளலாம். பில் காட்ட வேண்டாம், ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாமலும் கழிக்கலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். நான் அந்த 30ஐ உண்மையிலேயே தனிக் கணக்கில் போட்டு வைக்கிறேன். மாடி, கம்பி, ஒயரிங், மோட்டார் எல்லாம் அதிலிருந்து. சில வருடம் மிஞ்சும், ஒரு புயல் வருடத்தில் தீரும். மீதி 70தான் என் வருமானம். இந்தப் பிரிவினையைச் செய்யாதவருக்கு ஒவ்வொரு பழுதும் தன் பையிலிருந்து பிடுங்குவது போலத் தெரியும். அப்புறம் குடியிருப்பவர் எதிரியாகத் தெரிவார்.

எல்லோரும் இப்படித்தான் செய்ய வேண்டும் என்று சொல்ல மாட்டேன். சிங்கப்பூரிலோ பெங்களூரிலோ இருந்துகொண்டு மாமல்லபுரத்து வீட்டின் சன்ஷேடைத் தட்டிப் பார்க்க முடியாது. ஒரு மணி நேரத்தில் போய்ச்சேர முடியாத வீட்டுக்கு ஆள் வைப்பதே நியாயம். கடற்கரையில் வார இறுதிக்கு மட்டும் விடுகிற வீடுகளும் இந்தக் கணக்கில் வராது; அது லாட்ஜ் தொழில், துணி துவைக்க ஆள், சாவி கொடுக்க ஆள் என்று வேறு ஏற்பாடு. மேனேஜர் வைத்தாலும் பட்டியலை உங்கள் கையால் எழுதிக் கொடுங்கள்: எந்த மாதத்தில் எதைத் தட்டுவது, எதைக் கழுவுவது, எதை நிரப்புவது என்று.

பக்கத்திலேயே இருந்து தானே பார்த்துக்கொள்ள நினைப்பவருக்கு என் யோசனை இது. இந்தச் சித்திரையில் மொட்டை மாடிக்கு ஏறுங்கள். மூலைகளைப் பாருங்கள், குழாய் வாயில் அடைத்திருப்பதை எடுங்கள், கீழே இறங்கி சன்ஷேடை ஒரு கழியால் தட்டுங்கள். குடியிருப்பவரின் வாசலில் நின்று, “ஏதாவது ஒழுகுதா?” என்று மட்டும் கேளுங்கள். வேறு எதுவும் கேட்க வேண்டாம். வாடகைக்கு ஈடாக நாம் செய்ய வேண்டிய வேலை அவ்வளவுதான். அதைச் செய்தவருக்கு வீடும் நிற்கும், ஆளும் நிற்பார்.